நிறம்: மறை

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மாடு. மாட்டாஸ்பத்திரி வாசலில் மாடு நிற்பது அதிசயமில்லை. ஆனால் இதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் காவல் நிலைய ஏட்டு. அவருக்குப் பின்னால் இரண்டு பேர், ஆளுக்கொரு மூலையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

நேற்று பொழுது சாய்கிற நேரத்தில் அடித்த கோடைமழையில் நாலுவழிச் சாலைக்குப் பக்கத்து வயல்களில் கிடை போட்டிருந்த இரண்டு மந்தைகள் மிரண்டு ஓடிக் கலந்துவிட்டன. இந்தப் பக்கம் கிடை என்பது, அறுப்பு முடிந்த வயலில் மந்தையை அடைத்துவைத்துச் சாணத்தையும் மூத்திரத்தையும் உரமாக விடுவது. கலைந்த மாடுகளில் ஒன்று லாரியில் அடிபட்டுச் செத்தது. வண்டிகள் தேங்கிவிட்டதால் ரோந்து ஆட்கள் ஜேசிபியைக் கூப்பிட்டு இருட்டுவதற்குள் அதைப் புதைத்துவிட்டார்கள். ராத்திரியே மற்ற மாடுகளைப் பிரித்தாயிற்று. மிச்சம் நின்றது இந்த ஒரு பசு. காதில் கால்நடைத் துறையின் மஞ்சள் எண்வில்லை இல்லை, கிழிந்த காதுதான் இருக்கிறது. செத்ததன் காதிலும் வில்லை இல்லையாம்.

மேலூரணிப் பஞ்சவர்ணம் என்னுடையது என்கிறாள். கீழப்பட்டிக் கோட்டைச்சாமி என்னுடையது என்கிறான். யாருடையது இது என்று தெரிந்தால், செத்தது மற்றவருடையது.

"ஒங்க துறையிலதான் போன வருசம் வீடு வீடா மாட்டக் கணக்கெடுத்து வில்லை போட்டீங்கள்ல? நிறம், அடையாளம் எல்லாம் ரிஜிஸ்டர்ல இருக்கும்ல?" என்றார் ஏட்டு.

"எல்லாம் இருக்கு" என்றேன்.

விசாரணை முடியும்வரை மாடு என் பொறுப்பு. இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் நான்தானாம். எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. கால்நடை ஆய்வாளர் என்ற பெயரில் முப்பது வருடம் மாடுகளுக்கு ஊசி போட்டிருக்கிறேனே தவிர, ஒரு மாட்டை வைத்துக் காப்பாற்றியதில்லை. வாளி ஒன்று வாங்க வேண்டும்.

ஏப்ரல் 18, வெள்ளி

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் அச்சு மாதிரி இருக்கிறது. பஞ்சவர்ணம், மேலூரணி, பசு நான்கு. நிறம்: மறை. அடையாளம்: மேற்படி.

சரிதான். இந்தப் பசு சிவப்பில் வெள்ளைத் திட்டுத் திட்டாக இருக்கிறது. இங்கே அதை மறை என்றுதான் சொல்கிறார்கள். சிவப்பில் விழுந்தால் செம்மறை, கறுப்பில் விழுந்தால் கருமறை. துறை கொடுத்த நிறப்பட்டியலிலும் ஒன்பதாவதாக மறை இருக்கிறது. பதிவேட்டில் பிழை என்று ஒன்றும் இல்லை.

கோட்டைச்சாமி, கீழப்பட்டி. நிறம்: மறை.

மின்சாரம் இல்லை. மோட்டார் போட முடியவில்லை. கிணற்றில் பதினோரு வாளி இறைத்தேன், அதில் ஆறு மாட்டுக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு தரப்பிலும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள். மாட்டை நடுவில் விட்டு இரண்டு பேரும் கூப்பிட வேண்டும், யாரிடம் போகிறதோ அவர் மாடு. என்னைக் கேட்டால் அன்றே முடித்திருக்கலாம் என்று நானும் தலையை ஆட்டினேன்.

வளாகத்து வேப்பமரத்தடியில் கூட்டம். மாட்டை அவிழ்த்துவிட்டோம். கோட்டைச்சாமி நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தான். மாடு திரும்பிப் பார்த்தது. பஞ்சவர்ணம், "ஏ பெருசு, வா" என்றாள், அவ்வளவு சத்தமாக இல்லை. மாடு அவளையும் பார்த்தது. அப்புறம் நேராக என்னிடம் வந்து சட்டைப் பையை நக்கியது. மூன்று நாளாகத் தவிடு வைப்பது நான்தானே. கூட்டம் சிரித்த சிரிப்பில் சாலையில் போன பஸ்காரர் மெதுவாக்கிவிட்டார்.

"பேசாம டாக்டரு பேருக்கே எழுதிருங்கப்பா" என்றார் ஒருவர். ஊரில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் மறுப்பதில்லை, அந்த நேரம் மிச்சம்.

சட்டைப் பை கிழிந்துவிட்டது. ஊசி நூல் தேடி எடுக்கவே அரை மணி நேரமாயிற்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

நிஜ டாக்டர் வரும் நாள். டாக்டர் மும்தாஜ் பல்லைப் பிடித்துப் பார்த்து, இரண்டு பேர் சொன்ன வயதும் பொருந்துகிறது என்றார். சினை இல்லை. இரண்டு பேர் மாடும் சினை இல்லையாம். ரோந்து ஆட்கள் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். அதில் லாரியின் நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறது, மாடு இல்லை. புதைத்து ஆறு நாளான உடலைத் தோண்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

கோட்டைச்சாமியிடம் மாட்டின் படம் ஏதாவது போனில் இருக்கிறதா என்று கேட்டார். அவன் போனில் அவனுடைய மஞ்சுவிரட்டுக் காளை மட்டும் இருநூறு படம் இருக்கிறது, குளிக்கும்போது, மாலை போட்டபோது, படுத்திருக்கும்போது.

"காளையத்தான் மேடம் எடுப்போம். பசுவ யாரு எடுப்பா?" என்றான்.

பஞ்சவர்ணத்திடம் இருப்பது பட்டன் போன்.

"அப்ப ரிஜிஸ்டர்தான் ஒரே வழி. எங்க சார் அது?" என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

பைண்டிங் விட்டுப்போச்சு, கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். பைண்டிங் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது, கொடுத்தால் நல்லது.

ஏப்ரல் 23, புதன்

வைக்கோலை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. மேய்ந்து பழகிய மாடு. கம்பி வேலி ஓரமாக நின்று சாலையைப் பார்க்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

பஞ்சவர்ணம் புல்லுக்கட்டோடு வந்தாள். இது மூன்றாவது தடவை. நாற்பத்தைந்து வயதிருக்கும், வீட்டுக்காரர் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். அவளுடைய நான்கு பசுக்கள் சேவுகன் என்பவரின் கிடையில் நிற்கின்றன. சேவுகன் அவளுக்கு அண்ணன் முறை. நான்கில் மூத்ததைத்தான் பெருசு என்கிறாள். அதன் தாய் பாம்பு கடித்துச் செத்தபோது கன்றுக்குப் பத்து நாள் வயது. சங்கடையில், குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி, பால் புகட்டி வளர்த்திருக்கிறாள். மற்ற மூன்றும் அதற்குப் பிறந்தவை.

புல்லைப் போட்டுவிட்டு மாட்டைத் தடவிக் கொடுக்காமல் தள்ளியே நின்றாள். அழுக்குக் கையோடு எதற்கு என்று நினைத்திருப்பாள்.

"சார், ரிஜிஸ்டர்ல எம்பேருக்கு நேரா என்ன சார் எழுதிருக்கு?"

"மறைன்னு எழுதிருக்கு."

"வேற?"

"வேற என்ன? மறைன்னா மறைதான்."

கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இதும் மறைதான சார்?" என்றாள்.

"ஆமா."

"கவுருமெண்டு எழுத்துல இருக்குன்னா அப்பறம் என்ன சார். எம்மாடுதான்." இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. "அடிபட்டத நாங் கண்ணால பாக்கல சார். நாங் கஞ்சி காச்சிட்டு வாரதுக்குள்ள எல்லாம் மூடிட்டாங்க. பாக்காம எப்புடி எம்மாடுன்னு சொல்லுறது?"

அவள் மாடு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பொய் சொல்கிறவள் வெயிலில் மூன்று மைல் புல்லுக்கட்டைச் சுமந்து வர மாட்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சேவுகனின் கிடைக்குப் போய்வந்தேன். வேலையாகத்தான். மற்ற மாடுகளுக்கு மழையில் காயம் ஏதும் உண்டா என்று பார்க்க.

சேவுகன் நல்ல உயரம், பேச்சு குறைவு. எனக்கு மோர் கொடுத்தார். ஐந்து வீட்டு மாடுகள் நூற்றி அறுபது இருக்கும். எப்படி ஐயா பிரித்தீர்கள், அதுவும் மழை ராத்திரியில் என்று கேட்டேன்.

"டார்ச்ச அடிச்சா ஒடம்பு தெரியும்ல சார். அம்புட்டுத்தான்."

"எல்லாம் மறையாத்தான இருக்கு?"

அவர் என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தார். கோபம் இல்லை, சின்னப் பையனைப் பார்க்கிற மாதிரி. "மறைன்னா மட்டும் என்னத்த சார் தெரியும்? ஒருத்தன் வீடு எங்கன்னு கேட்டா ஊருக்குள்ளன்னு சொன்ன மாதிரி. எங்க ஆரம்பிக்கிது, எங்க நிக்கிது, பொடியா விழுந்துருக்கா, பட்டையா விழுந்துருக்கா, கால்ல எறங்கிருக்கா, வால்ல ஏறிருக்கா... அதெல்லாஞ் சேத்துத்தான் மறைங்கிறது. ஒண்ணுக்கு விழுந்தது இன்னொண்ணுக்கு விழுகாது. ஒரே வயித்துல பொறந்தாலும் விழுகாது."

"அப்ப எங்கிட்ட நிக்கிற மாடு யாருதுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

மோர்ச் செம்பை வாங்கிக் கழுவி வைத்தார். வைத்துவிட்டு, "அது பஞ்சவர்ணத்துக்குத் தெரியும் சார்" என்றார்.

அதைத்தானே அவளும் சொல்கிறாள். ஒரு வார்த்தை தெளிவாக, ஆமாம் தங்கச்சி மாடுதான் என்று சொல்லியிருக்கலாம். அவர் காவலில் இருந்தபோது மந்தை கலைந்துவிட்டது, அந்தக் கூச்சமாக இருக்கும்.

வருகிற வழியில் வண்டி பஞ்சர்.

ஏப்ரல் 30, புதன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என் மனைவி ஜெயக்கொடியைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. அவளும் கண்ணாடி இல்லாமல் படிக்க மாட்டாள்.

போன வருடம் மே மாதம் முகாம். இரண்டே நாளில் முந்நூற்று நாற்பத்தொரு மாடு முடித்தேன். மாவட்டத்திலேயே முதலிடம், கூட்டத்தில் கைதட்டினார்கள். புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். மாட்டுக்காரர்களே மாடுகளைப் பிடித்து, அவர்களே வில்லையைக் குத்தினார்கள். நான் நம்பரை மட்டும் கேட்டு எழுதினேன். ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாட்டுக்கும் அது இப்படி, இது இப்படி என்று அடையாளம் சொல்ல வந்தார்கள். வெயில் நூற்றிநான்கு டிகிரி. நம்பர் போதும் என்றேன். நிறத்துக்கு ஒவ்வொருவர் பெயருக்கும் முதல் வரியில் மறை என்று எழுதினேன். அதற்குக் கீழே எல்லாம் மேற்படி, மேற்படி, மேற்படி. அடையாளத்துக்கும் மேற்படி. என்ன அடையாளத்துக்கு மேற்படி என்று கேட்டால் பதில் இல்லை, மேலே ஒன்றும் எழுதவில்லை.

இன்று முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். கோட்டைச்சாமியின் காளை நிலக்கரி மாதிரி இருக்கும், உடம்பில் ஒரு வெள்ளை மயிர் கிடையாது, அவன் போனில் இருநூறு படம் சாட்சி. அதற்கும் மறை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

வில்லை தொலைந்தால் இந்தப் பதிவேட்டைக்கொண்டு ஒரு மாட்டையும் கண்டுபிடிக்க முடியாது. கிடை மாடு கருவேல முள்ளில் உரசி உரசிப் பாதி வில்லைகள் போய்விட்டன. அதையும் நான் எழுதவில்லை.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

மே 1, வியாழன்

மே தினம், விடுமுறை. ஜெயக்கொடி விருதுநகரிலிருந்து போன் பண்ணினாள்.

"என்ன, மாட்டோடயா குடித்தனம்? சனி ஞாயிறுகூட வீட்டுப் பக்கம் காணோம்."

"தண்ணி வைக்க ஆள் இல்ல."

"எனக்கு வைக்க மட்டும் ஆள் இருக்காக்கும்" என்றவள், கதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பள என்ன அடையாளம் சொல்லுதா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பஞ்சவர்ணம் இதுவரை அடையாளம் என்று ஒன்றுமே சொல்லவில்லை. பாவம், படிக்காதவள், அவளுக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது என்றேன். ஜெயக்கொடி கியாஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டாள். பண்ணவில்லை.

மதியம் வேலை இல்லாமல் நாற்காலியைப் போட்டு மாட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன். முப்பது வருடத்தில் ஒரு மாட்டை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, அது மூக்குவரை இறங்கி, மூக்கருகில் இடதுபக்கம் சாய்கிறது. கழுத்து முழுக்கப் பொடிப் பொடியாக வெள்ளை, கோலமாவு கை தவறிச் சிந்தின மாதிரி. இடது விலாவில் இரண்டு பெரிய திட்டுகள் ஒரு விரல் அகலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பின்னங்கால்கள் சிவப்பு. வால்குஞ்சம் கறுப்பு. எண்ணிப் பார்த்தேன், வலதுபக்கம் மட்டும் முப்பத்தேழு. முப்பத்தெட்டாவது ஈ.

அழகான மாடு. இதை எழுத அரைப் பக்கம்தான் ஆயிற்று.

மே 3, சனி

கோட்டைச்சாமி வந்து கத்திவிட்டுப் போனான். முப்பது வயது, எதற்கெடுத்தாலும் குரல்தான். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னான். சுட்டி மூக்கில் சாய்வது, கழுத்துப் பொடி, விலாவில் ஒட்டின இரண்டு, எல்லாம்.

"பதினஞ்சு நாளாப் பாத்துக்கிட்டே இருக்க, வாய்ப்பாடா ஆகியிருக்கும்" என்றேன்.

"அப்ப மடிக்குப் பின்னாடி போய்ப் பாருங்க சார். ரெண்டு காலுக்கும் நடுவுல நாலணாக் காசு மாதிரி ஒரு வெள்ளை இருக்கும். வெளிய நிக்கிறவனுக்கு அது தெரியாது. அது கன்னுக்குட்டியா இருக்கப்ப நாந்தேன் கழுவிவிட்டேன். எனக்கு ஒண்ணும் தாரைவார்க்க வேணாம். எம்மாட்ட எங்கிட்டக் குடுங்க."

அவன் போனபிறகு குனிந்து பார்த்தேன். இருக்கிறது.

மழையன்று ராத்திரி பார்த்திருப்பான்.

மே 5, திங்கள்

தாலுகா அலுவலகத்திலிருந்து கடிதம். வியாழக்கிழமை காலை தாசில்தார் இங்கேயே வந்து விசாரிக்கிறார். பதிவேடு தயாராக இருக்க வேண்டும். டாக்டர் மும்தாஜும் போன் செய்து, "பைண்டிங் முடிஞ்சிருச்சா சார்?" என்றார். குரலில் கேலி இருந்ததா என்று தெரியவில்லை.

மாலையில் பதிவேட்டை மேசையில் விரித்தேன். பஞ்சவர்ணத்தின் வரி. பத்தி காலியாகத்தான் இருக்கிறது, அதில் மேற்படி என்ற ஒரு சொல். அதை அழித்துவிட்டு, எதிரே நிற்கிற மாட்டின் அடையாளத்தை எழுதினால் விசாரணை ஐந்து நிமிடத்தில் முடியும். அவளுடைய மாட்டை அவளுக்கு வாங்கித் தந்ததாக இருக்கும். போன வருடம் அவள் சொல்ல வந்ததைத்தானே எழுதுகிறேன், ஒரு வருடம் பிந்தி. அவள் அன்று சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. அந்தக் குற்றம் தீரும். என் பெயரும் கெடாது. அதையும் மறைக்கவில்லை.

பென்சிலால் எழுதிப் பார்த்தேன். பென்சில்தானே, அழித்துக்கொள்ளலாம். எழுதும்போது நாலணாக் காசு மட்டும் கை வரவில்லை. அதை விட்டுவிட்டேன்.

மே 6, செவ்வாய்

பஞ்சவர்ணத்துக்குச் சொல்லி அனுப்பினேன். பத்து மணிக்கு வந்தாள். இன்றும் புல்லுக்கட்டு. மாட்டைக் கொட்டகைத் தூணில் கட்டி, நாற்காலியை அதற்கு எதிரே போட்டு, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் வரிக்கு நேராகப் பென்சில் எழுத்து இருந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது.

"இங்க பாரும்மா. வியாழக்கெழம தாசில்தார் வாராரு. இந்தப் பத்தியில அடையாளம் எழுதியிருக்கணும், போன வருசமே எழுதியிருக்கணும், நான் எழுதல. தப்பு என்னுது. இப்ப ஒன் மாட்டப் பாத்து ஒவ்வொண்ணாச் சொல்லு. போன வருசம் சொன்னதா எழுதிக்கிறேன். தாசில்தார் கேட்டாலும் இதையே சொல்லு. மாடு ஒனக்குத்தான்."

சொல்லும்போதே, தலையிலிருந்து இருபது நாள் சுமையை இறக்கிய மாதிரி இருந்தது. பேனாவை எடுத்தேன்.

அவள் மாட்டுக்கு எதிரே நின்றாள். கைக்கெட்டும் தூரம். மாடு புல்லைத் தின்றது.

"நெத்தியில சுட்டி" என்றாள்.

எழுதினேன்.

"கண்ணுக்கு நடுவுலயே நின்னுரும். மூக்குக்கு எறங்காது."

நிமிர்ந்து மாட்டைப் பார்த்தேன். சுட்டி மூக்குவரை இறங்கி, சாய்ந்திருந்தது. அவளைப் பார்த்தேன். அவள் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் சிமிட்டாமல்.

"வலது கண்ணுக்கு மேல தனியா ஒரு துளி. கழுத்து சுத்தச் செவலை, அங்க மறை கெடையாது சார். திமிலுக்குப் பின்னாடித்தான் ஆரம்பிக்கும். எழுதுறீங்களா?"

"எழுதுறேன்."

"முதுகுல ரெண்டு பக்கமும் பொடியா எறங்கும். நடுவுல வகுடெடுத்த மாதிரி செவலைக் கோடு. எடது வெலாவுல அகலமா ஒண்ணே ஒண்ணு. அதுக்குள்ள ஒரு செவலைப் பொட்டு, நம்ம கட்டவெரலு கொள்ளும். பின்னங்காலு ரெண்டும் முட்டி வரைக்கும் வெள்ள. வலது கால்ல மட்டும் கொளம்புக்கு மேல செவலையா ஒரு வளையம், தண்ட போட்டாப்புல. வாலு குஞ்சம் வெள்ள, உள்ள நாலு முடி கறுப்பு இருக்கும். வெலக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

தடுமாறவில்லை. தேடவில்லை. ஒரு இடத்தில்கூட நிறுத்தி யோசிக்கவில்லை. ஒன்றுகூட எதிரே நின்ற மாட்டில் இல்லை. நான் நிறுத்தாமல் எழுதினேன். பென்சில் எழுத்துக்கு மேலேயே மையால் எழுதிக்கொண்டு போனேன். முதன்முறையாக என் கையெழுத்து கோணலாக வந்தது.

"அம்புட்டுத்தான் சார்" என்றாள். "வாசிங்க."

வாசித்தேன். முட்டி வரைக்கும் வெள்ளை என்ற இடத்தில், "ஆமா" என்றாள். வளையத்தை விட்டுவிடக் கூடாதே என்று மறுபடி கேட்டுக்கொண்டாள். முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் சார் பெருசு. மறைன்னு மட்டும் எழுதிருந்தப்ப, எதா வேணாலும் இருக்கலாமேன்னு நெனச்சேன். இப்ப இம்புட்டையும் எழுதிட்டீங்க. இனிமே அது இதா இருக்க முடியாதுல்ல."

பேனாவை மூடினேன். இது அவள் மாடு இல்லை என்று எனக்கு எப்போது தெரியும்? நாலணாக் காசைக் குனிந்து பார்த்த அன்றே தெரியும்.

மிச்சப் புல்லை மாட்டின் பக்கம் தள்ளிவிட்டாள். முதன்முறையாக அதன் கழுத்தில் கை வைத்தாள். "இதும் நல்ல மாடுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 7, புதன்

கொட்டகையைக் கழுவினேன். கியாஸ் வந்தது.

மே 8, வியாழன்

தாசில்தார் பதினோரு மணிக்கு வந்தார். டாக்டர் மும்தாஜ், ஏட்டு, ரோந்து வண்டிக்காரர் ஒருவர், இரண்டு ஊர்க்காரர்கள். சேவுகன் கேட்டோரம் நின்றார், உள்ளே வரவில்லை.

பதிவேட்டை நீட்டினேன். பஞ்சவர்ணத்தின் வரியைப் படித்துவிட்டுத் தாசில்தார் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "இது எப்ப எழுதினது?"

"முந்தாநாள் சார்."

"அதுக்கு முன்னாடி என்ன இருந்தது?"

"மறைன்னு இருந்தது சார்."

"மத்த மாட்டுக்கு?"

"எல்லாத்துக்கும் அதுதான் சார். முந்நூத்தி நாப்பத்தொண்ணுக்கும். நான் ஒரு மாட்டையும் பாத்து எழுதல."

டாக்டர் தரையைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "அடப்பாவி மனுசா" என்றார்கள். கேட்க வேண்டியதுதான். மெமோ வரும், பதினான்கு மாதத்தில் எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தாசில்தார் பதிவேட்டோடு மாட்டிடம் போனார். ஒவ்வொரு வரியாகப் படித்து, மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாலைக்கூடத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணும் பொருந்தலையே. ஏம்மா, நீ சொன்னதுதான இது?"

"ஆமா சார்."

"இது ஒன் மாடு இல்லையா?"

பஞ்சவர்ணம் கும்பிடுவது போலக் கையை வைத்துக்கொண்டாள். "இல்ல சார். இது அவருது. எனக்கு மொத நாளே தெரியும்."

கூட்டம் சலசலத்தது. கோட்டைச்சாமி வாயைத் திறந்தான். இருபது நாள் கத்தல் எல்லாம் அதில் வரும் என்று நினைத்தேன். மூடிக்கொண்டான். ஏட்டு ஒரு தாளை நீட்டினார், கோட்டைச்சாமி கையெழுத்துப் போட்டான். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

பஞ்சவர்ணம் ரோந்து வண்டிக்காரரிடம் போனாள். "அண்ணே, எந்த எடத்துலண்ணே மூடுனீக?"

அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அவருக்கு வேறு ஷிப்டாம். ஏதோ ஒரு பாலத்துக்கு அங்கிட்டு என்றார், மேற்கேயும் காட்டினார், கிழக்கேயும் காட்டினார். அவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

கோட்டைச்சாமி மாட்டை அவிழ்த்துக்கொண்டு வாசல்வரை வந்திருந்தான். அங்கே நின்றான்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "அடுத்த நாள் விடியவே போய்ப் பாத்துட்டு வந்தேன். எம்மாட்ட அப்ப இன்னும் கண்ணால பாக்கல, செத்தது அதாத்தான் இருக்குமோன்னு பயந்துக்கிட்டு. மேல கெடந்த மண்ணக் கையாலயே கொஞ்சம் தள்ளிப் பாத்தேன். காலு தெரிஞ்சுச்சு. வெள்ளக் காலு. கொளம்புக்கு மேல வளையம் இருந்துச்சு."

பஞ்சவர்ணம் அப்போதுதான் அழுதாள். அதுவரை அழவில்லை.

அவன் இந்த இருபது நாளும் அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அன்றே அவன் ஜெயித்திருப்பான். ஏன் சொல்லவில்லை என்று ஏட்டு கேட்டதற்கு, "எப்புடி சார் சொல்லுறது? எம்மாட்டுக்கு அடையாளஞ் சொல்லலாம். அவுங்க மாடு செத்ததுக்கு நான் எப்புடி அடையாளஞ் சொல்லுறது?" என்றான். அவனை நான் குரலை வைத்தே எடைபோட்டிருந்தேன்.

மாட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தான். "கொஞ்சம் பிடிங்க சார், இந்தா வந்துர்றேன்." டிவிஎஸ் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். "ஏறுங்கக்கா" என்றான். பஞ்சவர்ணம் சேவுகனைப் பார்த்தாள், அவர் தலையை அசைத்தார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி நாலுவழிச் சாலையில் ஏறிக் கிழக்கே போயிற்று.

தாசில்தார் போனார், கூட்டமும் கலைந்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். அவர்கள் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதுவரை மாட்டைக் கட்டிப்போடத் தோன்றவில்லை.